ரோசியின் கண்ணில் நீலம்

அன்று வியாழக்கிழமை. விடியற்காலை ஐந்தரைக்கு வாசல் விளக்கைப் போட்டு, எங்கள் நாய் ரோசியின் தலையை மடியில் சாய்த்து, முதல் சொட்டு மருந்தை விடலாம் என்று வலது கண்ணைத் திறந்தால் கண் நீலமாக இருந்தது. வெள்ளைச் சட்டைக்கு நீலம் போடும் வாளியில் தண்ணீர் எப்படி இருக்கும், அந்த மாதிரி மங்கலான நீலம். முதல் நாள் ராத்திரி பத்து மணிக்கு நான் பார்த்தபோது அது இல்லை. கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து அன்றைக்கு 12-ஆம் நாள்.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன பாப்பா, மறுபடியும் புரை வந்திருச்சா?" என்று கேட்டார்.

புரை இல்லை. புரை பிடித்த லென்ஸைத்தான் எடுத்தாயிற்றே. இந்தத் தடவை கெட்டது அதற்கு முன்னால் இருக்கிற கருவிழி (கார்னியா). மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானிலேயே (குடியிருப்பிலேயே) கண் வெளுத்த நாய்கள் நாலைந்து இருக்கின்றன, அவற்றை வளர்ப்பவர்கள் பாசாரில் என்னைப் பார்த்தால் "எவ்வளவு ஆச்சு, பார்வை வந்துச்சா" என்று இரண்டு கேள்விதான் கேட்கிறார்கள். கருவிழியைப் பற்றி ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. நானும் கேட்காமல்தான் போனேன். கேட்டிருக்க வேண்டியது அதைத்தான், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ரோசி சாதி நாய் எல்லாம் இல்லை. அம்மா பால்மரம் (ரப்பர்) வெட்டிய தோட்டத்தில், லயத்து வீட்டுப் பின்கட்டில், விறகு அடுக்குக்குள் பிறந்தது. மரங்களைத் தள்ளிச் செம்பனை போட்டு, லயத்தையும் காலி பண்ணச் சொன்னபோது அம்மா தட்டுமுட்டுச் சாமானோடு தூக்கிக்கொண்டு வந்த குட்டி. இப்போது அதற்கு ஒன்பது வயது. போன வருஷம் திடீரென்று வாளி வாளியாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது, சாப்பாடும் நன்றாகத்தான் சாப்பிட்டது, ஆனால் உடம்பு இளைத்துக்கொண்டே போனது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய். காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. ஊசி போடக் கற்றுக்கொண்டு ஆறு மாசம்கூட ஆகவில்லை, இரண்டு கண்ணும் வெளுத்துவிட்டன. வாசல் தூணில் முட்டிக்கொண்டது, தண்ணீர்ச் சட்டியை மிதித்துக் கவிழ்த்தது.

இனிப்பு நீர் வந்த நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒன்றரை வருஷத்துக்குள் புரை வந்துவிடும். இன்சுலின் ஒழுங்காகப் போட்டாலும் வரும், அதனால் யாரும் தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம். ரத்தத்தில் இருக்கும் கூடுதல் சர்க்கரை கண் லென்ஸுக்குள் போய் சோர்பிட்டால் என்ற வேறொரு சர்க்கரையாக மாறுகிறது. அது வெளியே வர முடியாமல் உள்ளேயே தங்கித் தண்ணீரை இழுக்கிறது, லென்ஸ் ஊறி உப்பி வெளுத்துப்போகிறது. தண்ணீர் ஊறுகிற இந்தக் கதையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கருவிழியிலும் இதே கதைதான் வேறு மாதிரி வரும். (வயசான நாய்க்குக் கண் கொஞ்சம் சாம்பல் பூத்த மாதிரி தெரிந்தால் அது எல்லாம் புரை ஆகாது. லென்ஸின் நடுப்பகுதி வயசில் இறுகுவதாலும் அப்படித் தெரியும், அதற்குக் கத்தி தேவையில்லை. டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.)

நாய்க்குக் கண் ஆபரேஷன் செய்யும் நிபுணரைத் தேடிக் கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்குவரை போக வேண்டியிருந்தது. எங்களுக்கு இங்கிருந்து காரில் மூன்று மணி நேரம் பிடித்தது, வழியில் தாப்பாவில் ஒரு தடவை நிறுத்தி ரோசிக்குத் தண்ணீர் காட்டினோம். அங்கே உடனே கத்தி வைத்துவிடவில்லை. விழித்திரை உயிரோடு இருக்கிறதா என்று மின்கருவி வைத்துப் பார்த்தார்கள், கண்ணுக்குள் ஸ்கேன் செய்தார்கள், அழுத்தம் அளந்தார்கள். கீழ் இமையில் ஒரு காகிதப் பட்டையைச் செருகி ஒரு நிமிஷத்தில் கண்ணீர் எவ்வளவு தூரம் ஊறுகிறது என்று பார்த்தார்கள். நல்ல நாய்க் கண்ணில் 15 மில்லிமீட்டராவது ஊற வேண்டுமாம், ரோசிக்கு 11. டாக்டர் அந்தப் பட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "லென்ஸை எடுக்கிறது என் வேலை, கருவிழியைக் காப்பாத்துறது பாதி உங்க வேலை" என்றார். எனக்கு அது அன்றைக்குப் புரியவில்லை.

கருவிழி என்று நான் சொல்வது கார்னியாவை. கண்ணுக்கு முன்னால் கண்ணாடி மாதிரி மூடியிருக்கும் பகுதி. கறுப்பாகத் தெரிவது பின்னால் இருக்கும் கண்மணி, கருவிழிக்கென்று நிறமே கிடையாது. நாய்க்கு அதன் கனம் அரை மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். வெளிப்பக்கம் மெல்லிய மேல்தோல், நடுவில் நார் நாராக அடுக்கிய தடித்த பகுதி, உள்பக்கம் ஒரே ஒரு வரிசை உயிரணுக்கள். அந்தக் கடைசி வரிசைக்குப் பெயர் எண்டோதீலியம். கண்ணுக்குள் எப்போதும் நீர் இருக்கிறது, அது கருவிழியின் நாருக்குள் கசிந்துகொண்டே இருக்கும். கசிந்த நீரை இந்த ஒற்றை வரிசை ஓயாமல் வெளியே இறைத்துக்கொண்டே இருப்பதால்தான் கருவிழி தெளிவாக இருக்கிறது. இறைப்பது நின்றால் நார் ஊறும், விரியும், வெளிச்சம் சிதறும். வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு அதுதான் நீலமாகத் தெரிகிறது.

அம்மாவுக்கு நான் இப்படித்தான் சொன்னேன். லயத்து வீட்டில் மழைக்குக் கூரை ஒழுகும்போது நாம் எல்லாரும் ஆளுக்கொரு சட்டியை வைத்துக்கொண்டு அள்ளி அள்ளி வெளியே ஊற்றுவோமே. பத்துப் பேர் அள்ளினால் தரை காய்ந்திருக்கும். இரண்டு பேர் போய்விட்டால் மிச்சம் எட்டுப் பேர் இன்னும் கொஞ்சம் ஓடியாடிச் சமாளிப்பார்கள், தரை அப்போதும் காய்ந்துதான் இருக்கும், வெளியே இருந்து பார்ப்பவனுக்கு ஆள் குறைந்ததே தெரியாது. இரண்டு பேர்தான் மிச்சம் என்றால் பாய் நனையும். வளர்ந்த நாயின் கண்ணில் அந்த ஆட்கள் சதுர மில்லிமீட்டருக்கு 2,000-க்கு மேல் இருப்பார்கள். வயசாக ஆகக் குறைவார்கள். செத்த உயிரணுவின் இடத்துக்குப் புதிதாக ஒன்று பிறந்து வருவது கிட்டத்தட்ட இல்லை, பக்கத்தில் இருப்பது நீண்டு அந்த இடத்தை மூடும். 500, 800 என்ற அளவுக்கு இறங்கிவிட்டால் கருவிழி ஊற ஆரம்பித்துவிடும், அதற்கப்புறம் அது தானாகத் தெளியாது.

"அப்போ ஆபரேஷன்ல அந்த ஆளுங்க சாவாங்களா?" என்று அம்மா கேட்டார். சாவார்கள். எந்தக் கை செய்தாலும் கொஞ்சம் சாவார்கள்.

செய்யும் முறை மனிதர்களுக்குச் செய்வதுதான். 1967-இல் சார்லஸ் கெல்மன் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் கொண்டுவந்தது: மூன்று மில்லிமீட்டர் போல ஓர் ஓட்டை போட்டு, மெல்லிய ஊசிக் குழாயை உள்ளே விட்டு, காதுக்குக் கேட்காத ஒலி அதிர்வால் லென்ஸைப் பொடித்து உறிஞ்சி எடுப்பது. குழாய் வேலை செய்யும் இடத்துக்கும் அந்த ஒற்றை வரிசைக்கும் நடுவில் இருப்பது சில மில்லிமீட்டர் இடைவெளி. அதிர்வின் சூடு அங்கே போகிறது, உடைந்த லென்ஸ் துண்டு சுழன்று போய் மோதுகிறது, உள்ளே பாய்ச்சும் நீரின் வேகமும் அடிக்கிறது. இதற்காகத்தான் முதலில் ஹையலூரோனேட் என்ற வழவழப்பான பசையை உள்ளே செலுத்திக் கருவிழியின் உள்பக்கத்துக்கு மெத்தை மாதிரி போட்டுவிட்டு வேலையைத் தொடங்குகிறார்கள். நாய்க்கு இன்னொரு சங்கடமும் உண்டு. நம்முடைய லென்ஸ் சுமார் நாலு மில்லிமீட்டர் கனம், நாயுடையது ஏழு. பொடிக்க வேண்டியது அதிகம்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "புரை நல்லா முத்தட்டும், அப்புறம் எடுக்கலாம்" என்று நம்முடைய பெரியவர்கள் சொல்வார்கள். பழைய காலத்து முறைக்கு அது சரியாக இருந்திருக்கும். இப்போது அது தப்பு. முத்த முத்த லென்ஸ் கல்லாகிறது, கல்லை உடைக்க அதிர்வு அதிக நேரம் ஓட வேண்டும், அந்த நேரம் முழுக்க அடி வாங்குவது கருவிழி. அதுமட்டுமில்லை, முத்தின லென்ஸ் கசிந்து கண்ணுக்குள்ளேயே அழற்சியைக் கிளப்பிவிடும், அழற்சி உள்ள கண்ணில் எண்டோதீலியம் ஏற்கெனவே பலவீனமாக இருக்கும். நாய் முட்டிக்கொள்ள ஆரம்பித்ததும் போங்கள். நாங்கள் இரண்டு மாசம் காத்திருந்தோம், காரணம் பணம், ஆனால் அந்த இரண்டு மாசத்தில் வலது கண் இடது கண்ணைவிட நன்றாகவே இறுகிவிட்டிருந்தது என்று டாக்டர் அப்புறம் சொன்னார்.

இரண்டு கண்ணையும் ஒரே மயக்கத்தில் செய்தார்கள். உள்ளே செயற்கை லென்ஸ் வைத்தார்கள். மனிதருக்குச் சாதாரணமாக வைப்பது 20 டையாப்டர் (லென்ஸின் சக்தியை அளக்கும் அலகு) சுமாருக்கு இருக்கும், நாய்க்கு 41. ஓட்டையைத் தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைத்தார்கள். இதைக் கேட்டதும் அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம். "எனக்குத் தையலே போடலையே, இதுக்கு மட்டும் ஏன்?" அவருக்கு ஈப்போவில் புரை எடுத்து மூன்று வருஷம் ஆகிறது. மனிதக் கண்ணில் அந்தச் சின்ன வெட்டு தானாக ஒட்டிக்கொள்ளும். நாயின் கருவிழி அப்படி ஒட்டி நிற்காது, அதோடு நாயிடம் "கண்ணைத் தேய்க்காதே" என்று சொல்லியும் வைக்க முடியாது.

முதல் நாள் ராத்திரி அங்கேயே வைத்துக்கொண்டார்கள். ஆபரேஷன் முடிந்த சில மணி நேரத்தில் நாய்களுக்குக் கண் அழுத்தம் சட்டென்று ஏறும், ஏறினால் கருவிழி ஊறும், விழி நரம்பும் கெடும், அதனால் மணிக்கணக்குப் பார்த்து அளக்க வேண்டும். மறுநாள் ரோசியைக் கையில் வாங்கியபோது இரண்டு கண்ணிலும் தையல் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மங்கலாக இருந்தது. அது எதிர்பார்க்கக்கூடியதுதான், நாள் போகப் போகக் குறையும் என்றார்கள், அப்படியே ஐந்தாறு நாளில் குறைந்தது. காரில் வரும்போது எதிரே வந்த லாரியை அது திரும்பிப் பார்த்தது. அம்மா பின்சீட்டில் அழுதார். நானும்தான்.

அப்புறம் சொட்டு மருந்து. அழற்சிக்கு ஸ்டீராய்டு ஒன்று, ஸ்டீராய்டு இல்லாதது ஒன்று, கிருமிக்கு ஒன்று, அழுத்தத்துக்கு ஒன்று, செயற்கைக் கண்ணீர் ஒன்று. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஐந்து நிமிஷம் விட வேண்டும், இல்லையென்றால் பின்னது முன்னதைக் கழுவிவிடும். பசை மருந்து இருந்தால் கடைசியில். குப்பி முனை கண்ணில் படவே கூடாது. கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு மார்பில் மாட்டும் வார் வாங்கினோம், ஏனென்றால் கழுத்தை இழுத்தால் கண்ணில் அழுத்தம் ஏறும். கண்ணைத் தேய்க்காமல் இருக்கத் தலையில் பிளாஸ்டிக் கூம்பு, எந்நேரமும்.

அந்தக் கூம்பைக் கழற்றியது நான்தான். ஒன்பதாம் நாளிலிருந்து ரோசி சரியாகச் சாப்பிடவில்லை, கூம்பு தட்டில் இடித்தது. இன்சுலின் போடும் நாய் சாப்பிடாமல் இருந்தால் அது வேறு ஆபத்து. சாப்பிடுகிற நேரம் மட்டும் என்று கழற்றினேன், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், ஒன்றும் ஆகவில்லை. புதன்கிழமை ராத்திரி கழற்றிவிட்டு போன் வந்ததென்று உள்ளே போனேன். திரும்பி வந்தபோது கால்மிதியில் முகத்தை வைத்துச் சாய்ந்து படுத்திருந்தது. தேங்காய் நார் மிதியடி. கண்ணைப் பார்த்தேன், திறந்துதான் இருந்தது, சுருக்கவில்லை, நீர் வடியவில்லை. கூம்பை மாட்டினேன், பத்து மணிச் சொட்டை விட்டேன், படுத்துவிட்டேன்.

கண்ணில் அடிபட்ட நாய் கண்ணை மூடிக்கொள்ளும் என்றுதான் நாம் எல்லாரும் நினைத்திருக்கிறோம். இனிப்பு நீர் உள்ள நாய்க்குக் கருவிழியின் உணர்ச்சி ஏற்கெனவே குறைந்திருக்கும். அதன்மேல் ஆபரேஷன் வெட்டு அங்கே போகும் நரம்புகளையும் அறுத்திருக்கும். கண்ணீரும் ரோசிக்குக் குறைவு. ஆக, மேல்தோல் உரிந்து புண்ணாகிக் கிடந்தாலும் அதற்குத் தெரியவில்லை, அதற்குத் தெரியாததால் எனக்கும் தெரியவில்லை. அந்தப் புண் வழியாக வெளியிலிருந்தும் நீர் நாருக்குள் ஊறியதுதான் காலையில் நான் பார்த்த நீலம்.

அன்றைக்குக் காலையில் எங்கள் வீட்டு வாசலில் ஆளாளுக்கு ஒரு யோசனை. பக்கத்து வீட்டு அத்தை நந்தியாவட்டைப் பூவோடு வந்தார், பனியில் நனைந்த பூவைக் கண்ணில் ஒற்றினால் குளிர்ச்சி என்று. அவருடைய அன்பை நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் தையல் போட்ட கண்ணில் பூவையோ தாய்ப்பாலையோ தேனையோ வைக்காதீர்கள், கிருமி உள்ளே போனால் கண்ணே போய்விடலாம். அம்மா தன்னுடைய பழைய சொட்டு மருந்தை எடுத்து வந்தார். அதைவிடப் பயமான விஷயம், பட்டணத்தில் ஒரு கிளினிக்கில் போனில் கேட்டபோது நாயைப் பார்க்காமலே "ஸ்டீராய்டைக் கூட்டி விடுங்க, சரியாயிடும்" என்றார்கள். அழற்சியால் வந்த நீலம் என்றால் அது சரி. புண்ணால் வந்த நீலம் என்றால் அது விஷம். புண் இருக்கும் கருவிழியில் ஸ்டீராய்டு ஆறுவதைத் தடுக்கும், கிருமியை வளர விடும், நார்கள் கூழாகக் கரைந்து கண்ணே ஓட்டையாகிவிடலாம். இரண்டு நீலமும் வெறும் கண்ணுக்கு ஒரே நீலம்தான்.

நான் ஆபரேஷன் செய்த டாக்டருக்கே படம் எடுத்து அனுப்பினேன். "ஸ்டீராய்டை இப்பவே நிறுத்துங்க, மத்த சொட்டை வழக்கம்போல போடுங்க, கிளம்பி வாங்க" என்று பதில் வந்தது. அன்றைக்கு வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் போனோம்.

அறையை இருட்டாக்கி, ஃபுளோரசீன் என்ற ஆரஞ்சு நிறச் சாயத்தை ஒரு சொட்டு விட்டுக் கழுவிவிட்டு, நீல விளக்கைக் காட்டினார். மேல்தோல் இருக்கும் இடத்தில் சாயம் ஒட்டாது. உரிந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு பச்சையாக மின்னும். ரோசியின் வலது கருவிழியில் கீழ்ப்பக்கமாக, பச்சைப் பயறு அளவுக்கு, மின்மினி மாதிரிப் பச்சை. அதிலிருந்து மேலே ஒரு மெல்லிய கோடு. நார் மிதியடியின் கோடு அது. அதைப் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கிவிட்டது. தையல் நல்லபடியாக இருந்தது, கண் அழுத்தமும் 14, அது சரியான அளவுதான், புண்ணும் ஆழமாகப் போகவில்லை.

மூன்று வாரம் ஸ்டீராய்டு சொட்டு இல்லாமல், கிருமி மருந்தும் கண்ணீர் மருந்தும் நேரம் தவறாமல் விட்டு, அழற்சிக்கு வாய்வழி மாத்திரை கொடுத்து ஓட்டினோம். இனிப்பு நீர் நாய்க்குப் புண் மெதுவாகத்தான் ஆறும், வாரம் ஒரு தடவை அதே சாயம், அதே நீல விளக்கு. இரண்டாம் வாரம் கடுகளவு. மூன்றாம் வாரம் பச்சை இல்லை. நீலமும் ஓரத்திலிருந்து உள்நோக்கித் தெளிந்துகொண்டே வந்தது.

இப்போது நாலு மாசம் ஆகிறது. வலது கண்ணில் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தால் நகக்கீறல் போல ஒரு வெள்ளைத் தழும்பும், தையல் இருந்த ஓரத்தில் கொஞ்சம் புகையும் தெரிகிறது. இடது கண் சுத்தம். சுவரில் பல்லி போனால் ரோசி பார்க்கிறது. செம்பனைக் குலை ஏற்றின லாரி சத்தம் வருவதற்கு முன்னாலேயே வாலை ஆட்டுகிறது. ஆனால் அள்ளி இறைக்கும் ஆட்கள் எத்தனை பேர் மிச்சம் என்று வெளியே இருந்து தெரியாது. வலது கண்ணில் குறைவாகத்தான் இருப்பார்கள் என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். பல மாசம், ஏன் பல வருஷம் கழித்துக்கூட மறுபடி ஊற ஆரம்பிக்கலாம். அப்போது மேல்தோலில் கொப்புளம் கிளம்பி உடையும், அது வலிக்கும், 5 சதவீத உப்புப் பசை போட்டு நீரை வெளியே இழுக்கப் பார்ப்பார்கள். அதைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதற்காகத்தான் தினமும் ராத்திரி அம்மா டார்ச் அடிக்கிறார். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. காதுப் பக்கமிருந்து, கண்ணின் மேல் சாய்த்து அடிக்க வேண்டும், அப்போதுதான் கருவிழியில் தூசு இருந்தாலும் நிழல் விழும். ஒரு கண்ணைப் பார்த்து உடனே மற்றதைப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

செலவு என் ஒரு மாசச் சம்பளத்தைத் தாண்டியது, மூன்று வாரம் போய் வந்ததற்கு பெட்ரோலும் டோலும் தனி. உங்கள் நாய்க்குச் செய்ய யோசிக்கிறீர்கள் என்றால் பணத்தைக் கேட்கும்போதே கருவிழியையும் கேளுங்கள். கண்ணீர் எவ்வளவு ஊறுகிறது, லென்ஸ் எவ்வளவு இறுகியிருக்கிறது, நீலம் தெரிந்தால் ராத்திரி எந்த நம்பருக்கு அழைப்பது என்று எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். சாயம் விட்டுப் பார்க்காமல் ஸ்டீராய்டு கொடுக்கச் சொன்னால் கொடுக்காதீர்கள்.

நார் மிதியடியை அன்றைக்கே எடுத்து எரித்துவிட்டோம். கூம்பு இன்னும் இருக்கிறது, நடுத்தர அளவு, பதினைந்து கிலோ நாய்க்குச் சரியாக இருக்கும், கழுவிக் காயவைத்து வைத்திருக்கிறேன். சாப்பாட்டுத் தட்டை ஒரு செங்கல் உயரத்தில் வைத்தால் கூம்பைக் கழற்றாமலே சாப்பிட முடியும், இதை நான் தாமதமாகத்தான் கண்டுபிடித்தேன். சுங்கை சிப்புட் பக்கம் யாருக்காவது கூம்பு வேண்டுமென்றால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள், செங்கல்லையும் சேர்த்தே தருகிறேன்.